பர்வா நஹீ பிரதான்

அன்றைக்குப் பள்ளிக்கூடக் கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள். மேஜைக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஆபீசர், அவருக்குப் பக்கத்தில் குறிப்பெழுதும் கிளார்க். இந்தப் பக்கம் எங்கள் ஊர்ப் பிரதான், பஞ்சாயத்துத் தலைவர், அதாவது என் அய்யா. அவருக்குப் பின்னால் தரையில் வங்காளிகள், மலையாளிகள், ராஞ்சிக்காரர்கள், தமிழர்கள், ஆளுக்கொரு கூட்டமாக. பெண்கள் பக்கத்தில் ஆத்தாவும் தங்கச்சியும். ஜன்னலோரம் நான். வாசல் தூணில் சாய்ந்துகொண்டு, உட்காராமல், மர கான்ட்ராக்டர்.

வராதவர் ஒரே ஒருவர், பள்ளிக்கூட மாஸ்டர். மலையாளி. எங்கள் ஊரில் இந்தியையும் இங்கிலீஷையும் முறையாகப் படித்த பெரியவர் அவர் மட்டும்தான். ஆபீசர்கள் வந்தால் அய்யாவின் தோளுக்குப் பின்னால் நின்று, அய்யா தமிழில் சொல்வதை வாங்கி ஒழுங்கான இந்தியில் கொடுப்பார். லீவில் கப்பலேறி ஊருக்குப் போயிருந்தார். அவர் இல்லாததில் அய்யாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். "இன்னைக்கு நானே பேசிக்கிறேன். எத்தனை நாளைக்கு ஒருத்தன் வாயில பேசுறது?" என்று காலையிலேயே சட்டையை நீவிக்கொண்டு சொன்னார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அய்யாவைப் பிரதானாக்கியதே அவருடைய இந்திதான்.

ராமநாதபுரத்துப் பக்கம் மழை பொய்த்துப் போன வருஷங்களில் ஒன்றில், காட்டில் மரம் இழுக்கும் மஜ்தூராக அய்யா இந்தத் தீவுக்கு வந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ரேஷன் வரிசையில் நின்று, மேஸ்திரியிடம் திட்டு வாங்கி, சாயங்காலம் ராஞ்சிக்காரர்களோடு பீடி குடித்து, இந்தியைக் காதாலேயே பிடித்தார். குடியேற்றத்தில் வயலும் மேட்டு நிலமும் கிடைத்து, ஆத்தாவும் நானும் வந்து சேர்ந்தபோது அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லாரோடும் பேசக்கூடிய தமிழர் அவர்தான். மற்றவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு கையைக் காட்டிக் காரியம் முடிப்பார்கள். அய்யா கூச்சப்பட மாட்டார். தமிழில் நினைப்பார், ஒவ்வொரு வார்த்தையாக இந்திக்கு மாற்றுவார், பாதி வழியில் வார்த்தை கிடைக்காவிட்டால் தமிழையே போட்டு நிரப்பிவிடுவார். "துமாரா பைன்ஸ் கைசா ஹை? புல்லு திங்குதா?" என்று ஒரு வங்காளியிடம் அவருடைய எருமையைப் பற்றி விசாரித்ததை நானே கேட்டிருக்கிறேன். அந்த வங்காளியும், "திங்குது, திங்குது" என்று தமிழிலேயே பதில் சொன்னார்.

மாடு வயலில் இறங்கிய சண்டையா, விதைநெல் வரவில்லையா, ரேஷன் அட்டையில் பெயர் தப்பா, அய்யாவைத்தான் கூப்பிடுவார்கள். "நான் பேசுறது தப்பா இருக்கலாம். பேசாம இருக்கலைல?" என்பார். பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது அவரை நிறுத்தியவர்கள் தமிழர்கள் இல்லை, ராஞ்சிக்காரர்கள்தான். தமிழர்கள் கடைசியில் வந்து சேர்ந்துகொண்டு, தாங்கள்தான் நிறுத்தியதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அய்யா வீட்டுக்கு வீடு போய் ஓட்டுக் கேட்டது ஒரே ஒரு வாக்குறுதியைச் சொல்லித்தான். பாலம்.

எங்கள் ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவில் உப்பங்கழி ஒன்று கிடக்கிறது. இங்கே எல்லாரும் காடி என்பார்கள். கடல் ஏறும்போது ஆள் மூழ்கும் தண்ணீர், வற்றும்போது முழங்கால் சேறு. இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. முதலை உண்டு. ரோடு, ரங்கத் போகும் பஸ், ஆஸ்பத்திரி, ஐந்தாவதுக்கு மேல் உள்ள பள்ளிக்கூடம், எல்லாம் அந்தக் கரையில். நான் ஆறாவதிலிருந்து, வற்றத்துக்குக் காத்திருந்து, சட்டையையும் புத்தகத்தையும் தலையில் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கித்தான் படித்தேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வெள்ளம் ஏறிவிட்டால் அந்தக் கரையிலேயே யார் வீட்டிலாவது படுத்துக்கொள்வேன். பையன், பரவாயில்லை. தங்கச்சியை அப்படி அனுப்ப முடியாது. ஊரில் எந்தப் பெண்பிள்ளையும் ஐந்தாவதைத் தாண்டவில்லை.

தங்கச்சி என்னைவிட நன்றாகப் படிப்பாள். மாஸ்டரே வீட்டுக்கு வந்து சொன்னார். ஆத்தா அன்றைக்கே அய்யாவிடம் சொல்லிவிட்டாள்: "இந்தாங்க, பிரதானாகுங்க, என்ன வேணும்னாலும் ஆகுங்க. இவ அஞ்சாவது முடிக்கறப்ப பாலம் நிக்கணும். இல்லைன்னா எனக்கு அந்தப் பதவியும் வேணாம், நீங்க போடுற சட்டையும் வேணாம்." அய்யா அரசியலில் இறங்கியதற்கு வேறு எந்தக் காரணத்தையும் நான் கண்டதில்லை.

கூட்டத்தன்று தங்கச்சி நாலாவது படித்துக்கொண்டிருந்தாள்.

ஆபீசர் நல்ல மாதிரியாகவே பேசினார். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பாலத்துக்கு மனு வந்திருக்கிறது, இடமும் பார்த்தாகிவிட்டது, ஆனால் சிமென்டும் கம்பியும் கப்பலில் வருவதில் தாமதம், இந்த வருஷம் தொடங்க முடியாது, அடுத்த வருஷம்தான் என்றார். "மழையில் உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் கஷ்டம். எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்றார். பெரிய ஆபீசர் ஒருவர் எங்கள் முன்னால் வருத்தம் என்ற சொல்லைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

அய்யாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் மனதில் ஓடிய கணக்கு எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் என்றால் தங்கச்சி ஐந்தாவது. அவள் ஆறாவது போகும்போது பாலம் நிற்கும். ஆகவே ஒன்றும் குறைவில்லை. அதோடு, பெரிய மனுஷன் வருத்தப்படுகிறார், அவரைத் தேற்ற வேண்டும். எழுந்தார், கையைக் கூப்பினார், தமிழில் "எங்களுக்குப் பரவாயில்லைங்க சார், கொஞ்சமும் பரவாயில்லை" என்று நினைத்தார். அதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றினார்.

"ஹம்கோ பர்வா நஹீ, சாப். பில்குல் பர்வா நஹீ."

இந்தி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காதுக்கு நம் பரவாயில்லை மாதிரியேதான் கேட்கும். ஆனால் அதன் பொருள், எங்களுக்கு அக்கறை இல்லை, நீ செய்தாலும் ஒன்று, செய்யாவிட்டாலும் ஒன்று. 'பில்குல்' சேர்த்தால் துளிக்கூட அக்கறை இல்லை.

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். "க்யா?" என்றார்.

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று அய்யா நினைத்துக்கொண்டார். இன்னும் உரக்க, சிரித்த முகத்தோடு, கையை வீசி இன்னொரு தடவை சொன்னார்.

நான் எழுந்துவிட்டேன். "சாப், இன்கா மத்லப்..." என்று தொடங்கினேன். இவர் சொல்ல வந்தது வேறு என்று சொல்லத்தான்.

அய்யா திரும்பினார். ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கிறது, மாஸ்டர் இல்லாமல் அவர் தனியாக நின்று பேசும் முதல் கூட்டம், நடுவில் மகன் எழுந்து அவருடைய இந்தியைத் திருத்துகிறான். "உக்காருடா. நான் பேசிக்கிட்டு இருக்கேன்ல?"

ஆபீசரும் என்னைப் பார்த்து, "பைட்டோ" என்றார். இரண்டு பாஷையிலும் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன்.

ஆபீசர் கிளார்க்கிடம் திரும்பிச் சொன்னார். இந்த ஊருக்குப் பாலத்தில் அக்கறை இல்லையாம், பிரதானே சொல்கிறார், எழுதிக்கொள். அவர் வாயிலும் அதே 'பர்வா நஹீ'தான். கிளார்க் எழுதினான். அய்யா அதையும் பார்த்துத் தலையாட்டினார், நம் சொல்லை எழுதுகிறார்கள் என்று.

வாசல் தூணில் கான்ட்ராக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். தூத்துக்குடிக்காரர். இருபது வருஷமாக இந்திக்காரர்களோடு மர வியாபாரம். அந்தக் கொட்டகையில் நடந்தது என்ன என்று புரிந்த தமிழர்கள் இரண்டு பேர்தான், ஒன்று நான், இன்னொன்று அவர். என்னை உட்காரச் சொல்லிவிட்டார்கள். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆபீசரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார். அவர் ஆபீசரோடு ஜீப் வரைக்கும் நடந்து போனார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. கதவை அவர்தான் திறந்துவிட்டார், அதைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அய்யாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"பத்து வருசமா இதத்தான்டா சொல்றேன். எந்த வங்காளி கோவிச்சுக்கிட்டான்? எந்த ராஞ்சிக்காரன் கோவிச்சுக்கிட்டான்?"

"அவங்களுக்கு உங்களைத் தெரியும் அய்யா. இவருக்குத் தெரியாது."

"பின்ன எப்படிச் சொல்லணுங்கிற?"

"கோயி பாத் நஹீ. அப்படித்தான் சொல்லணும்."

"கோயியாவது கோழியாவது," என்றார். ஆனால் சாப்பாட்டில் கை நின்றுவிட்டது. ஆத்தா, "நல்ல வார்த்தைதானே சொன்னாரு" என்றாள். தங்கச்சி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்ன பிறகு அவளுக்கும் புரிந்துவிட்டது.

மாஸ்டர் திரும்பி வந்ததும் நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். அய்யாவுக்காக விளக்கமாக ஒரு மனு எழுதிக் கொடுத்தார். அய்யா அதை எடுத்துக்கொண்டு கப்பலில் போர்ட் பிளேருக்குப் போய், ஆபீஸ் வராந்தாவில் காத்திருந்தார். முடிவாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வருஷம் பாலம் வந்தது. எங்கள் ஊருக்கு இல்லை. காடியில் வெகுதூரம் கீழே, கான்ட்ராக்டரின் மரக்கிடங்கு வாசலில். நாங்கள் அந்தப் பாலத்துக்குப் போக வேண்டுமானால், இடையில் இன்னும் இரண்டு சின்னக் காடிகளைத் தாண்ட வேண்டும். பாலத்துக்குப் போக இரண்டு பாலம்.

அய்யாவுக்குப் பட்டப்பெயர் வைத்தவரும் கான்ட்ராக்டர்தான். ஒருநாள் டீக்கடையில் அய்யா உள்ளே வந்ததும், "வாங்க, வாங்க, பர்வா நஹீ பிரதான் வர்றாரு, பெஞ்சைத் துடைங்கடா" என்றார். அய்யாவும் சேர்ந்து சிரித்தார். சிரித்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருப்பார். விடவில்லை. பிள்ளைகள் வரைக்கும் அந்தப் பெயர் இறங்கியது. இந்தியில் பாலத்துக்கு 'புல்' என்று பெயர். அதை வைத்து எங்கள் தமிழாட்களே இன்னொன்று கட்டினார்கள்: "பிரதான் புல் கொண்டாரேன்னாரு மாப்ள, கொண்டாந்துட்டாரு பாரு, மாட்டுக்கு." எத்தனை தடவை இதைக் கேட்டிருப்பேன். சொல்கிறவன் ஒவ்வொரு தடவையும் தான்தான் முதலில் கண்டுபிடித்த மாதிரி சொல்வான்.

அடுத்த தேர்தலில் அய்யா தோற்றார். ஜெயித்தது கான்ட்ராக்டரின் கணக்கப்பிள்ளை. தோற்றதற்கு அய்யா வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தங்கச்சி ஐந்தாவது முடித்து வீட்டில் உட்கார்ந்ததுதான் அவரைத் தின்றது. அடுப்பு ஊதுகிற நேரத்தில் என்னுடைய பழைய ஆறாம் வகுப்புப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். அய்யா உள்ளே வந்தால் பாவாடையால் மூடிக்கொள்வாள். மூடாமல் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒரு நாள் காலையில் கோடரியை எடுத்துக்கொண்டு எங்கள் மேட்டு நிலத்துக்குப் போனார். அங்கே இரண்டு பெரிய கர்ஜன் மரங்கள் நின்றன. நெடுநெடுவென்று, கிளையில்லாமல், காடியின் அகலத்துக்கு மேலேயே நீளம். "சர்க்கார் கட்டலைன்னா நாம கட்டுவோம்," என்றார்.

மரத்தைச் சாய்த்தது அவரும் நானும். இழுக்க ஆள் வேண்டும். தமிழாட்களைக் கூப்பிட்டார். "வயல் வேலை கெடக்குண்ணே," என்றார்கள். டீக்கடையில்தான் அந்த வயல் இருந்தது. ராஞ்சிக்காரர்கள் கூப்பிடாமலே வந்தார்கள், எருமைகளை ஓட்டிக்கொண்டு. வங்காளிகளில் சிலரும் வந்தார்கள். காட்டில் மரம் இழுத்த காலத்துப் பாட்டைப் பாடிக்கொண்டு இழுத்தார்கள், அய்யா முன்னால் நின்று குரல் கொடுத்தார். தோற்றுப்போன பிரதான் அன்றைக்கு மட்டும் பிரதானாக இருந்தார். இரண்டு மரத்தையும் காடிக்குக் குறுக்கே போட்டு, மேலே கம்பு அடுக்கிக் கட்டி, பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் கொடிக்கம்பி இழுத்தோம்.

பள்ளிக்கூடம் திறந்தபோது தங்கச்சி அதில் ஏறிப் போனாள். முதல் நாள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாள், கோயிலுக்குள் போகிற மாதிரி. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்பிள்ளைகள், ஒன்று மலையாளி, ஒன்று வங்காளி. அய்யா தினமும் கரையில் நின்று அனுப்பிவிட்டு, திரும்பி வரும் நேரத்துக்கும் வந்து நிற்பார். சாயங்காலம் அவள் ஒப்பிக்கும் இந்திப் பாடத்தைக் கேட்பார். கேட்பார், அவ்வளவுதான். அவர் இந்தி பேசுவது அதற்குள் குறைந்துவிட்டிருந்தது. எருமையை விசாரிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்.

மழை பிடிக்கும் முன்பே ஃபாரஸ்ட் கார்டு வந்தான். யார் போய்ச் சொன்னது என்று ஊர் முழுக்கத் தெரியும், யாரும் வாயால் சொல்லவில்லை. நிலம் எங்களுக்குக் கொடுத்தது, அதில் நிற்கும் மரம் சர்க்காருடையது. அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. இது அய்யாவுக்குத் தெரியாது. ஊர்ப் பிரதானாக இருந்தவர் இதைத் தெரிந்திருக்க வேண்டும்தான். அவர் பிரதானாக இருந்தபோது அவரிடம் வந்த காகிதம் எதையும் அவரால் படிக்க முடியாது, மாஸ்டர் படித்துச் சொன்னது மட்டும்தான் தெரியும்.

பாலத்தைப் பிரித்து இரண்டு மரத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஏலத்தில் கான்ட்ராக்டர் எடுத்து, அறுத்து, கீழ்ப் பாலத்தின் கைப்பிடிக்குப் போட்டார் என்று சொல்கிறார்கள். இருக்கலாம். கர்ஜன் பலகை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், எனக்கு அடையாளம் தெரியவில்லை. தங்கச்சி திரும்ப அடுப்படிக்கு வந்தாள். இப்போது அவளைக் கார் நிக்கோபாரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். கடிதம் எழுதுவாள், எழுத்து என் எழுத்தைவிட அழகாக இருக்கும். தமிழாட்கள் இப்போதும் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், அய்யாவை "பிரதானே" என்று கூப்பிடுகிறார்கள். நான் இலையில் பரிமாறுகிறேன். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பரிமாற இன்னும் பழகவில்லை.

பாலத்தைப் பிரித்த பிறகு நடந்த விசாரணைக்கு அய்யாவும் நானும் பஸ் ஏறி ரங்கத் போனோம். ரேஞ்ச் ஆபீசர் வயதானவர், இரக்கமுள்ளவர்தான். பாலத்துக்காக வெட்டியது என்று கேள்விப்பட்டிருந்தார். எதற்காக வெட்டினீர்கள், யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்று இந்தியில் கேட்டார். அய்யா, இந்தத் தீவிலேயே யாரிடமும் பேசக் கூசாத மனுஷன், என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுடா" என்றார்.

நான் சொன்னேன். தங்கச்சி, ஆறாம் வகுப்பு, காடி, எல்லாம். ரேஞ்ச் ஆபீசர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு சொன்னார், சட்டம் என்று ஒன்று இருக்கிறது, மரம் பறிமுதல், அபராதமும் போட்டே ஆக வேண்டும், குறைத்துத்தான் போடுகிறேன், இருந்தாலும் உங்களுக்குக் கஷ்டம்தான், எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதே சொல். அய்யாவுக்குப் புரிந்தது. கையைக் கூப்பினார். உதடு அசைந்தது, நின்றது. என்னிடம் தமிழில், மெதுவாகச் சொன்னார்: "பரவாயில்லைன்னு சொல்லு. சரியா சொல்லு."

"கோயி பாத் நஹீ, சாப்," என்றேன்.

ரேஞ்ச் ஆபீசர் தலையசைத்தார். அவருக்குச் சரியாகத்தான் புரிந்தது.

அபராதம் கட்டக் கறவை எருமையை விற்றோம். அப்படியும் கொஞ்சம் குறைந்தது. தங்கச்சிக்கு இரண்டாவது யூனிஃபார்ம் தைக்க ஆத்தா முடிந்து வைத்திருந்த பணத்தைத் தங்கச்சியே அவிழ்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாம் சேர்த்து இருநூற்று அறுபது ரூபாய்.